கிவிக் கொடியைத் தேடிக் கொணர்ந்த ஏர்ணெஸ்ற் வில்சன்

பலெர்மோ நகரின் பொலிதேயாமா அரங்கின் முன்னே விரிந்து கிடக்கும் இரு சதுக்கங்களும் இந்நகர்த் தமிழருக்குக் கோயில் வீதிபோலப் பழகிப்போனவை. விடுமுறை மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கு சென்று அமராத குடும்பம் எம்மிடையே இல்லையெனலாம். அச்சதுக்கங்களில் இருவருக்குச் சிலை உண்டு. ஒருவர் ருஜ்ஜேரோ செத்திமோ. 1849இல் சிசிலியப் புரட்சி தோற்றபோது மால்ற்றாத் தீவில் அடைக்கலம் புகுந்து, 1863இல் ஊர் திரும்பாமலே அங்கு மறைந்தவர். மற்றவர் கஸ்தெல்நுவோவோ பிரபு. அரசியலில் வெறுப்புற்றுத் தோட்டத்துக்குத் திரும்பி, உழவர் கல்விக்கெனத் தம் உடைமையை எழுதி வைத்தவர்.

இச்சதுக்கங்களை அடுத்துள்ள தெருக்களின் பழக்கடைகளில் மாரிகாலம் முழுவதும் குவிந்து கிடக்கும் கிவிப் பழத்தை நம் பிள்ளைகள் மாம்பழத்தைக் காட்டிலும் நன்கு அறிவர். அதனை இக்கண்டத்துக்குக் கொணர்ந்தவருக்கு இங்கு சிலை இல்லை. அவரைப் பற்றி எழுத எம்மைத் தூண்டியது ஒரு கடிதம். ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வாழும் எம் உறவினர் ஒருவர், தம் வீட்டுக் கோடியில் நட்ட கிவிக் கொடி ஏழாண்டுகளாகப் பந்தல் நிறையத் தழைத்தும், பூத்தும், ஒரு பிஞ்சுதானும் பிடிக்கவில்லையென்று குறைப்பட்டிருந்தார். எருப் போதாதோ, குளிர் கூடவோ என்று அவர் ஐயுற்றார். அதற்கு விடை தேடப் புகுந்தவிடத்தேதான் ஏர்ணெஸ்ற் ஹென்றி வில்சன் என்னும் மனிதரை நாம் கண்டோம்.

வில்சன் 1876ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயர் மாகாணத்துச் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளி. செல்வமோ குலப்பெருமையோ அற்ற குடும்பம். இளமையிலேயே பள்ளியை விட்டு நாற்றுமேடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 16ஆம் வயதில் பேர்மிங்ஹாம் தாவரத் தோட்டத்துக்கு வந்தார். பகலில் மண்வெட்டி, இரவிலே தாவரவியற் பாடம். அவ்விராப் படிப்பில் அவர் பெற்ற பரிசுதான் 1897இல் கியூ அரச தாவரத் தோட்டத்தின் கதவை அவருக்குத் திறந்தது. ஆசிரியராகி ஓரிடத்தில் அமைதியாக வாழவே அவர் எண்ணியிருந்தார். அதற்கிடையே வீச் என்னும் பெயர்பெற்ற நாற்று வணிக நிலையத்தார், சீனாவுக்கு அனுப்ப ஓர் இளைஞர் வேண்டுமெனக் கியூவைக் கேட்டனர். 1899இல், 23 வயதில், சீன மொழியில் ஒரு சொல்லும் அறியாத நிலையில், அவர் கப்பலேறினார்.

அவர் தேடிப் போனது கிவியன்று. வெண்கைக்குட்டைகள் தொங்குவன போலப் பூவிதழ்கள் அசையும் தவிடியா என்னும் மரத்தின் விதையைத்தான். வணிகரின் கட்டளை கண்டிப்பானது. அம்மரத்தைக் கண்டுபிடிப்பதே வேலை, பிறவற்றில் காலத்தை வீணாக்கலாகாது. வழியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆர்னல்ட் மரத்தோட்டத்து அதிபர் சார்ல்ஸ் சார்ஜென்ற் என்பாரைச் சந்தித்து ஐந்து நாட்கள் தங்கினார். பின்னாளில் அவரது வாழ்வையே மாற்றிய சந்திப்பு அது.

அம்மரத்தைக் கண்டிருந்த ஓகஸ்ரின் ஹென்றி என்னும் ஐரிஷ் மருத்துவர், அப்போது சீனத்தின் தென்கோடியில் யுன்னான் மாகாணத்துச் சிமாவ் என்னுமிடத்தில் இருந்தார். வில்சன் ஹொங்கொங்கிலிருந்து தொங்கின் வழியாகக் காடும் ஆறும் கடந்து அவரிடம் போய்ச் சேரவே மாதங்கள் கழிந்தன. ஹென்றி குறிப்பேட்டுத் தாளொன்றின் பாதியில் ஒரு படம் வரைந்து கொடுத்தார். அது காட்டிய நிலம் ஏறத்தாழ 20,000 சதுர மைல். இலங்கைத் தீவின் முக்காற்பங்குக்கும் மேலான பரப்பு! அதற்குள் ஒரேயொரு மரத்துக்குப் புள்ளியிட்டிருந்தார். அத்தாளை வைத்துக்கொண்டு யாங்சி ஆற்றங்கரையிலுள்ள யிச்சாங் நகரத்தைத் தளமாக்கி, மலையேறி, 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அவ்விடத்தை அடைந்தார். அங்கே புதிதாகக் கட்டிய வீடொன்றும், அதனருகே ஓர் அடிக்கட்டையும் நின்றன. மரத்தை வெட்டித்தான் வீடு கட்டியிருந்தார்கள்.

வேறொருவராயின் திரும்பியிருப்பார். வில்சன் அவ்வட்டாரத்திலேயே அலைந்து, மே மாதம் 19ஆம் நாள் பூத்து நின்ற வேறொரு தவிடியாவைக் கண்டார். சீனத்தில் பொக்ஸர் கிளர்ச்சி மூண்டு வெளிநாட்டார் உயிரஞ்சிய ஆண்டும் அதுவே. அவரோ யிச்சாங் மலைகளை விட்டு அசையவில்லை.

மரத்தேட்டம் இவ்வாறு முடிய, அவர் கண்ணிற் பட்டது மலைப்புதர்களில் படர்ந்த ஒரு கொடி. சீனர் அதன் பழத்தைக் குரங்குப் பீச்சு என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். தவிட்டு நிற மயிர் போர்த்த தோல், உள்ளே பச்சை. மேலைத்தாவரவியலார் இதனை முன்னரே அறியாதவரல்லர். றொபேட் போர்ச்சூன் என்பார் 1840களில் அனுப்பிய உலர்மாதிரியைக் கொண்டு 1847இல் அதற்குப் பெயரும் இட்டுவிட்டனர். ஆயினும் காய்ந்த இலை பந்தலேறுமா? விதையை அனுப்பிக் கொடியை மேலைநாட்டு மண்ணில் முளைக்கச் செய்தவர் வில்சனே. யிச்சாங்கில் தங்கியிருந்த வெளிநாட்டாருக்கு அப்பழத்தை உண்ணப் பழக்கியவரும் அவரே.

ஆனாற் கதை இங்கேதான் இடறுகிறது. இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. நம்மூர்ப் பனையைப் போல. ஆண் பனை மட்டும் நிற்கும் வளவில் நுங்கு உண்டோ? வில்சனின் விதைகளிலிருந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிற் பரவிய கொடிகளுட் பல ஆணாகவே அமைந்துவிட்டன. அதனால் ஆண்டுக்கணக்காக மேலைநாட்டார் அதனை அழகுக்கொடியாக மட்டுமே வளர்த்தனர். ஸ்ருட்கார்ட் உறவினரின் துயரமும் இதுவே. ஒற்றைக் கொடியை வாங்கி நட்டுவிட்டு எருவைக் குறைகூறுகிறார்.

பழமாகும் பேறு நியூசிலாந்துக்குக் கிட்டியது. வங்கனூயி நகரத்து மகளிர் கல்லூரி அதிபர் இசபெல் பிரேசர் என்னும் அம்மையார், யிச்சாங்கில் சமயப்பணி புரிந்த தம் சகோதரியைக் காணச் சென்று, 1904இல் திரும்பும்போது சிறிது விதை கொண்டுவந்தார். அது அலெக்சாந்தர் அலிசன் என்பவரது தோட்டத்தில் முளைத்து 1910இல் காய்த்தது. ஆணும் பெண்ணுமாக அமைந்தது நற்பேறே. அவ்வழித்தோன்றல்களிலிருந்து ஹேவார்ட் றைற் என்னும் நாற்றுவளர்ப்பாளர் தெரிந்தெடுத்த இனமே இன்று உலகச் சந்தைகளில் அவர் பெயரால் விளங்கும் ஹேவார்ட். சீன நெல்லி என்று விற்ற பழத்துக்கு 1959இல் நியூசிலாந்து வணிகர் தம் நாட்டுப் பறவையின் பெயரைச் சூட்டினர். சீனப் பெயர் மறைந்தது. வில்சனோடு கூடை சுமந்து, மலை மலையாய் ஏறி, விதை பொறுக்கிய யிச்சாங் நாட்டு உழவர்களின் பெயர்களையும் வெளியுலகம் பெரிதும் அறியாது. இத்தாலியும் 1970கள் தொடங்கி இக்கொடியைப் பெருமளவில் நட்டு, முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. உரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்துத் தோட்டங்களில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியத் தொழிலாளர் பலர் உழைப்பதை நாம் அறிவோம்.

குளிர்நாடுகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களுக்காக இங்கே சற்று நின்று சொல்லுதல் தகும். ஓர் ஆண் கொடி ஆறு முதல் எட்டுப் பெண் கொடிகளுக்குப் போதும். வீட்டுக்கு ஒன்றும் ஒன்றும் என்று இரண்டு நட்டாற் போதுமானது. இடம் இல்லாதார் ஜெனி என்னும் தானே காய்க்கும் இனத்தை நாடலாம், பழம் சிறிதாகும். இக்கொடியின் பூவில் தேன் இல்லாமையால் தேனீ அதனை அவ்வளவாக விரும்பாது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூக்களின் நடுவில் மெல்லத் தடவி விடுவது கைகண்ட வழி. பூசணிக்கு நம் அன்னையர் செய்தது தானே!

பந்தல் ஆளுயரத்துக்கு மேல் உறுதியாக வேண்டும். புடோலங்காய்ப் பந்தலின் கம்பும் கயிறும் இதனைத் தாங்கா. இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் வளர்ந்த ஹேவார்ட் கொடி பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை வரையிலான குளிரைத் தாங்கும். அதனைக் கொல்வது மாரியன்று, இளவேனிலே. துளிர் விட்டபின் ஓரிரவு உறைபனி விழுந்தால் துளிரெல்லாம் கருகும், அவ்வாண்டுப் பூவும் போகும். ஆகவே தெற்கு நோக்கிய சுவரோரம் நட்டு, பனியிரவுகளில் துணி போர்த்துக் காப்பது நன்று. இளங்கொடியின் தண்டுக்கு வைக்கோல் சுற்றுக. கோடையில் நீர் தாராளமாக வேண்டும், ஆனால் வேரடியில் நீர் தேங்கலாகாது. 2012 முதல் வெரோனாப் பக்கத்துத் தோட்டங்களில் கொடிகள் திடீரென வாடி மடிவதற்கு நீர் தேங்கி வேர் அழுகுவதும் ஒரு காரணமெனக் கூறுகின்றனர். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைக் கொடிக்குக் கத்தரி வைத்தவர்களுக்கு இதன் கவ்வாத்தும் எளிதே. சென்ற ஆண்டுக் கொடியிலிருந்து எழும் புதுத்துளிரிலேயே பூ வரும். கவ்வாத்தை மாரியின் நடுவில் முடித்துவிட வேண்டும், பிந்தினால் வெட்டுவாயிலிருந்து நீர் ஓயாது வடியும். நட்டு மூன்று முதல் ஐந்தாண்டில் காய்க்கும். கார்த்திகைப் பனிக்கு முன் கல்லுப்போல் இருக்கும்போதே பறித்து, அப்பிளோடு ஒரு பையிலிட்டாற் கனியும். பூனைகள் இக்கொடியின் மணத்துக்கு மயங்கிக் கன்றைக் கடித்துக் குதறும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். கம்பிவலை அவசியம்.

நோர்வே, சுவீடன் போன்ற கடுங்குளிர் நாட்டினருக்கு ஹேவார்ட் உகந்ததன்று. அவர்கள் அதன் தங்கை முறையான அர்குத்தா இனத்தை நடலாம். முந்திரிகையளவே பழம், தோலில் மயிரில்லை, அப்படியே உண்ணலாம். உறக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகையையும் தாங்கும். பொலிதேயாமாவில் மாடிவிறாந்தை மட்டுமே உள்ள எமக்கோ இரண்டும் இல்லை. பலெர்மோவின் மாரி இக்கொடி கேட்கும் குளிரைத் தருவதில்லை. எமக்குக் கறிவேப்பிலைச் சட்டி போதும்.

வில்சனிடம் திரும்புவோம். 1902இல் ஊர் மீண்டு ஹெலன் கண்டர்ற்றன் என்னும் மங்கையை மணந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே வீச் நிறுவனத்தார் அவரை மீண்டும் சீனத்துக்கு அனுப்பினர். 1905 வரை கணவன் மலையிலும் மனைவி இங்கிலாந்திலுமாகக் கழிந்தது. 1906இல் மகள் பிறந்தாள். அக்குழந்தை தந்தையின் முகம் பழகும்போதே, சார்ஜென்றின் அழைப்பை ஏற்று 1907இல் ஆர்னல்ட் மரத்தோட்டத்துக்காக மூன்றாம் முறை புறப்பட்டார். நான்காவது பயணம் 1910இல். உழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருப்பதன் கொடுமையை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். நம்மவர் போக்கிடம் இன்றிப் பிரிந்தனர். வில்சனோ, வீட்டிலிருக்கும் வாய்ப்பு இருந்தும் மலையின் அழைப்பைத் தட்ட முடியாதவராயிருந்தார். அதற்கு அவர் மனைவி கொடுத்த விலை அவரது நூல்களில் இல்லை.

நான்காம் பயணத்தில் அவர் உயிர் தப்பியது அருமை. சிச்சுவான் மாகாணத்தில் மின் ஆற்றின் பள்ளத்தாக்கிலே அரச அல்லி என்னும் வெள்ளை அல்லியின் கிழங்குகளைத் தேர்ந்துவிட்டுத் திரும்பும் வழியில், மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டன. பல்லக்கிலிருந்து குதித்தோடினார். ஒரு பாறை அவர் காலை இரண்டிடத்தில் முறித்தது. ஒளிப்படக் கருவியின் முக்காலியையே கட்டையாக வைத்துக் காலைக் கட்டினர். அவ்வேளை எதிரே கோவேறு கழுதைகளின் நீண்ட வரிசையொன்று வந்தது. பாதையோ ஒற்றையடி, நிற்கவும் இடமில்லை, மேலே பாறைகள் இன்னும் ஆடுகின்றன. வில்சனைப் பாதையின் குறுக்கே கிடத்தினர். ஏறத்தாழ ஐம்பது விலங்குகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிச் சென்றன. ஒன்றின் குளம்பும் அவர்மேற் படவில்லை. மூன்று நாட் பயணத்தின்பின் செங்டு நகரை அடைந்தார். காலை வெட்டவேண்டுமோ என்ற நிலை வந்து நீங்கியது. கால் குட்டையாகி வாழ்நாள் முழுவதும் தெத்தி நடந்தார். அல்லிக்கிழங்குகள் பொஸ்ரனுக்குப் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தன.

அதன்பின் யப்பான், கொரியா, தாய்வான் என்று பயணங்கள் தொடர்ந்தன. அவற்றிற் குடும்பத்தையும் யப்பானுக்கு அழைத்துச் சென்றார் என்பது சிறு ஆறுதல். 1920 முதல் 1922 வரை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, கிழக்காபிரிக்கா ஆகிய நாடுகளின் தோட்டங்களைச் சுற்றி வந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவரங்களை அவர் மேலைநாட்டுத் தோட்டங்களுக்கு அறிமுகஞ் செய்தார். 1927இல் சார்ஜென்ற் மறைய, இருப்புப்பாதைத் தொழிலாளியின் மகன் ஆர்னல்ட் மரத்தோட்டத்தின் காப்பாளரானார்.

1930ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்து ஜெனீவா நகரில் வாழ்ந்த மகளைக் கண்டு மனைவியோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் நகருக்கு அருகே, உதிர்ந்த ஈர இலைகளில் சில்லுகள் வழுக்கிக் கார் சரிவில் வீழ்ந்தது. சீன மலைகளில் தப்பியவர் வீடு திரும்பும் தெருவில் மாண்டார். மனைவியும் உடன் மாண்டார். மகளின் கணவர் ஜோர்ஜ் சிலேற், ஜெனீவாவிலிருந்த ஆய்வு நிலையத்தில் பழ இனங்களை வளர்த்த அறிஞர்.

அமெரிக்காவில் இருபதாண்டு வாழ்ந்தும் வில்சன் பிரித்தானியக் குடிமகனாகவே இருந்தார். தம் உடல் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மண்ணிலேயே அடங்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அதனால் எல்லை கடந்து கனடாவின் மொன்றியல் நகரத்து மவுண்ட் றோயல் இடுகாட்டில் இருவரையும் சேர்த்து அடக்கினர். அம்மலையடிவாரத்தில் வாழும் நம்மவர் பலராவர். அடுத்த கோடையில் அங்கு செல்லும் வாசகர் எவரேனும் அக்கல்லறையைக் கண்டு எமக்கு எழுதுவாராயின் மகிழ்வோம். ஸ்ருட்கார்ட் உறவினருக்கு, வருகின்ற இளவேனிலில் உறைபனி நீங்கியதும் எதிர்க்கொடி ஒன்று நடும்படி மறுமொழி எழுதிவிட்டோம். ஆனால் முதலில் தம்முடையது ஆணா பெண்ணா என்று பூவைப் பார்த்து அறியவேண்டும். நடுவில் வெண்ணூல்கள் விரிந்த சிறு சூல் இருப்பின் பெண், மஞ்சட் பொடி மட்டும் இருப்பின் ஆண்.