பேரறிஞர் எமில் பிஷர்

நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் பயின்ற பழைய மாணவருட் சிலர், வெல்லக் கரைசலோடு பினைல் ஐதரசீனைச் சேர்த்துச் சூடாக்கி, மஞ்சள் நிற ஊசிப் பளிங்குகள் தோன்றுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டிருப்பர். அப்பொருளை முதன்முதல் ஆக்கியவரும், அதனாலே தம் உடல்நலத்தை இழந்தவரும் ஒருவரே. உயிர்களின் உடலை ஆக்கும் பெருமூலக்கூறுகளின் இரசாயனத்துக்கு அடிகோலிய அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எமில் பிஷர் 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி ஜேர்மனியிலே, கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள ஒய்ஸ்கிர்ஹன் என்னும் ஊரில், வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் அவரைக் குடும்பத்தின் மரவியாபாரத்திலே புகுத்தினார். மகனுக்கோ கணக்கேட்டில் மனஞ் செல்லவில்லை. வணிகத்துக்கு ஆகாத பிள்ளை படிக்கவாவது போகட்டும் என்று தந்தையார் விட்டது இரசாயனவியல் செய்த தவப்பயன் என்றே நாம் கருதுகிறோம். பொன் நகரிலே கெக்குலேயிடமும், ஸ்திராஸ்பூர்க்கிலே பையரிடமும் கற்று, 1874இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பினைல் ஐதரசீனைக் கண்டுபிடித்தார்.

வெல்லங்களை ஆராய்வது அக்காலத்திற் பெருந் தொல்லையாயிருந்தது. அவை பாகாய் நிற்குமேயன்றி எளிதிற் பளிங்காகா. 1884இற் பிஷர் தாம் கண்ட பொருளை வெல்லங்களோடு சேர்த்தபோது, அவை நல்ல பளிங்குகளாய்ப் பிரிந்தன. குளுக்கோசு, பிரற்றோசு, மன்னோசு என்னும் மூன்றும் ஒரே பளிங்கைத் தந்தமை அவர் சிந்தையைத் தூண்டியது. அப்படியாயின் அவற்றின் வேற்றுமை மூலக்கூற்றின் முதலிரு காபன் அணுக்களிலேயே இருத்தல் வேண்டும் என்று தெளிந்தார். குளுக்கோசின் இனத்துக்கு இயலக்கூடிய 16 அமைப்புக்களுட் குளுக்கோசுக்கு உரியது எது என்பதை 1891இல் நிறுவினார். வலமோ இடமோ என்ற ஒன்றை மாத்திரம் ஊகமாகவே கொண்டார். 1951இல் ஒல்லாந்தரான பைவூட் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது அவ்வூகமும் சரியென்றே கண்டனர்!

சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசாலேயே ஆனவை. ஆயினும் சோறு நமக்குச் செரிக்கும், வைக்கோல் செரியாது. குளுக்கோசு அலகுகள் ஒன்றோடொன்று பிணைந்த பாங்கே இதற்குக் காரணம். இதற்குரிய அடிப்படையைப் பிஷரே காட்டினார். குளுக்கோசிலிருந்து ஆக்கிய, ஒரே தன்மையவாய்த் தோன்றும் இரு பொருள்களுள் ஒன்றை மதுவத்தின் நொதியமும், மற்றதை வாதுமையின் நொதியமுமே பிரித்தன. திறப்பு தன் பூட்டுக்கே பொருந்துவது போல நொதியமும் தன் பொருளுக்கே பொருந்தும் என்று 1894இல் விளக்கினார்.

1892இற் பேர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கோப்பியிலுள்ள கபீனும், யூரிக்கமிலமும், கலக்கருவின் அமிலத்திலுள்ள அடினீனும் பியூரீன் என்னும் ஒரே கருவினின்று கிளைத்தவை என்று காட்டினார். இவ்விரு துறைகளுக்காகவும் 1902இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கொழுப்பின் அமைப்பைப் பிரான்சியரான செவ்ரோல் முன்னரே விளக்கியிருந்தார். எஞ்சியது புரதம். அமினோவமிலங்கள் சங்கிலியாய்க் கோக்கப்பட்டே புரதமாகின்றன எனக் கொண்டு, தாமே அவற்றை ஒவ்வொன்றாய்க் கோத்து, 1907இல் 18 அமினோவமிலங்கள் கொண்ட சங்கிலியை ஆக்கினார்.

இங்கே அவர் கணிப்பு ஓரிடத்திற் பிழைத்தது. புரதத்தின் மூலக்கூற்று நிறை 5,000 அளவைத் தாண்டாது என்பது அவர் எண்ணம். குருதியிலுள்ள ஈமோகுளோபினின் நிறை ஏறக்குறைய 64,500 என்று இன்று அறிவோம். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் பிணைந்து ஒரே மூலக்கூறாய் நிற்கும் என்ற கொள்கையை 1920இல் ஸ்டௌடிங்கர் வெளியிட்டபோது பிஷர் உயிரோடில்லை. கல்லை இனங்கண்டு, சாந்தையும் கண்டவர் கோபுரத்தின் உயரத்தை நம்பாது போயினர். ஆனால் கையிலுள்ள சான்றுக்கு அப்பாற் செல்ல அஞ்சிய அவரை நாம் குறைகூற முடியவில்லை.

அவர் இல்வாழ்க்கை துன்பம் நிறைந்தது. 1888இல் மணந்த மனைவியார் 1895இலேயே காலமானார். பினைல் ஐதரசீனின் நஞ்சு தோலையும் வயிற்றையும் வாட்டியது. மூன்று புதல்வருள் இருவரை முதலாம் உலகப் போர்க்காலத்தில் இழந்தார். புற்றுநோய் கண்ட நிலையில் 1919ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி பேர்லினில் உயிர்நீத்தார்.

எஞ்சிய மூத்த மகன் ஹேர்மன் பிஷரும் இரசாயனவியலாளரே. ஜேர்மனியை விட்டுச் சுவிற்சர்லாந்து, கனடா, அமெரிக்கா என்று சென்ற அவர், 1960இற் காலமாகும் வரை தந்தையாரின் வெல்ல ஆராய்ச்சியையே தொடர்ந்து வந்தார்.