தையல் பிரிக்க வேண்டாம், தானே கரைந்துவிடும்... யார் இந்த வாலஸ் கரோதர்ஸ்?

சில ஆபரேஷன்களுக்குப் பிறகு தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டியதில்லை. நூல் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். அந்த நூலும் ஒரு வகை பாலியஸ்டர் தான். சட்டைத் துணி பாலியஸ்டருக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கலாம். இந்தக் குடும்பத்தை ஆழமாக ஆராய்ந்தவர் வாலஸ் கரோதர்ஸ். நைலானைக் கண்டுபிடித்தவர் என்றால் சட்டெனப் புரியும்.

1896-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரை டியூபான்ட் நிறுவனம் அழைத்தது. அடிக்கடி மனச்சோர்வு வரும் என்று சொல்லி முதலில் மறுத்தவர், 1928-ல் சேர்ந்தார்.

1930-ல் அவரது குழுவில் இருந்த ஜூலியன் ஹில், உருகிய பாலியஸ்டரில் ஒரு கம்பியை விட்டு இழுத்தார். பட்டு மாதிரி நீண்ட இழை வந்தது. ஆனா சூடான தண்ணீரில் இளகியது. தண்ணீர் பட்டுப்பட்டு மெல்ல அறுந்தும் போகும். துவைக்க முடியாத துணியை யார் வாங்குவார்?

இன்னொரு வழியையும் குழு பார்த்தது. வளைய வடிவ மூலக்கூறைத் திறந்து சங்கிலியாகக் கோப்பது. மூடிய வளையல்களை நிமிர்த்தி ஒன்றோடொன்று இணைப்பது போல. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் லாக்டைடு வளையம் பற்றி 1932-லேயே கட்டுரை வந்துவிட்டது. ஆனால் துணிக்கு உதவாததால் பாலியஸ்டர் ஓரங்கட்டப்பட்டது. 1935 பிப்ரவரியில் நைலான் பிறந்தது.

மறு வருடமே அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. அப்போதும், தான் எதையும் சாதிக்கவில்லை என்றே நம்பினார். 1937 ஜனவரியில் தங்கை இசபெல் இறந்தார். ஏப்ரல் 29-ல், 41-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், கரோதர்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நவம்பரில் மகள் பிறந்தாள். நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1940-ல். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

தண்ணீரில் அறுந்துபோகும் அந்தக் குறைதான் இன்று மருத்துவத்துக்குத் தேவை. 1970-களில் கரையும் செயற்கைத் தையல் நூல் புழக்கத்துக்கு வந்தது. எலும்போடு ஒட்டும் கண்ணாடியை 1969-ல் லாரி ஹென்ச் உருவாக்கினார். அந்தக் கண்ணாடித் தூளின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளே வளையத்தைத் திறந்து, பாலியஸ்டர் சங்கிலியைத் தொடங்கி வைக்க முடியும். சங்கிலி தூளிலிருந்தே வளர்வதால் இரண்டும் சுலபத்தில் பிரியாது. எலும்பு வளர வளர, தாங்கி நின்ற பாலியஸ்டர் மெல்லக் கரையும். இதற்குப் பயன்படும் வளையங்களில் ஒன்று கேப்ரோலாக்டோன். 1934-ல் கரோதர்ஸ் குழு கட்டுரை எழுதிய அதே பொருள்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணில் பேசலாம்.)