காஞ்சி தந்த இரு தீர்ப்புகள்

பட்டுத் தறிகளாலும் திருக்கோயில்களாலும் புகழ்பெற்ற காஞ்சியில், 1909 செப்டம்பர் 15 அன்று, எளிய நெசவாளர் குடும்பத்தில் நடராசன், பங்காரு அம்மாள் இணையரின் மகனாகப் பிறந்தவர் பேரறிஞர் அண்ணா. சிற்றன்னை இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்து, பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1942இல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். எழுத்தும் பேச்சும் நாடகமும் அவர் கைவந்த கலைகள். ஆயினும் கைதட்டலை வாக்கென எண்ணி மயங்காத தெளிவே அவர்தம் வாழ்வின் தனிச்சிறப்பு.

1949இல் அவர் தோற்றுவித்த திராவிட முன்னேற்றக் கழகம் 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. அடுத்த தேர்தலில் களம் இறங்குவதா என்னும் வினா எழுந்தபோது, தாமே முடிவுரைக்கும் செல்வாக்கு அவருக்கு இருந்தது. எனினும் 1956 திருச்சி மாநாட்டில் பெட்டிகள் வைக்கப்பட்டு, கூடியிருந்தோரின் கருத்து வாக்குகளால் அறியப்பட்டது. போட்டியிடலாம் என்றோர் 56,942 பேர். வேண்டாம் என்றோர் 4,203 பேர்.

1957இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருந்தது. விரும்பியவரின் பெட்டியில் சீட்டை இட்டாற் போதும். எழுத்தறியாத நெசவாளியும் தயக்கமின்றித் தன் தீர்ப்பை வழங்கினார். காஞ்சி அண்ணாவைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது; கழகம் 15 இடங்களைப் பெற்றது.

1962இல் முறை மாறியது. சின்னங்கள் யாவும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தி ஒரே பெட்டியில் இடும் வழக்கம் வந்தது. கழகம் 50 இடங்களாக வளர்ந்த அத்தேர்தலில், தலைவரோ பிறந்த ஊரிலேயே காங்கிரசு வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். 1953இல் நெசவாளர் துயர் துடைக்கக் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருவில் விற்றவருக்குத் தறிகளின் ஊர் தந்த தீர்ப்பு இது. அன்பும் நன்றியும் வேறு, வாக்கு வேறு என்பதைக் காஞ்சி உணர்த்தியது.

அத்தோல்விக்குப் பின்னும் அவர் வாக்குச்சீட்டின் வழியைக் கைவிடவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பெற்று மாநிலங்களவை சென்றார். 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றார். கழகமும் பெரும்பான்மை பெற, மார்ச் 6 அன்று முதலமைச்சரானார். 1969 சனவரி 14 அன்று மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. மூன்று வாரங்கள் நிறைவதற்குள், பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார்.

ஏற்ற ஊரே மறுத்தபோதும் அவ்வூரின் உரிமையை மதித்த பெருமகன் அவர். சொல்லின் செல்வராயினும், இறுதிச்சொல் மக்களுடையதே என அடங்கி நின்றமையே அண்ணாவின் அருமை.