குழந்தையின் கைகால்களுக்கும் விடுதலை வேண்டும்

திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர்போன ஊர். கைத்தறியில் அமர்ந்தவரின் கால் மிதியிலும், கை நாடாக் கயிற்றிலும், கண் பாவிலும் ஒருங்கே தொழிற்படுகின்றன. அவருக்குக் கையே அறிவு. அவர் வீட்டுக் குழந்தையையோ பாலர் வகுப்பில் கைகட்டி உட்காரச் சொல்கிறோம். அசைவை அடக்கினால் அறிவு வளருமென்னும் இவ்வெண்ணம் பிழையென நிரூபித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் சரிதையைத் தேசத் தொண்டர் அனைவரும் அறிதல் நலம்.

1870 ஆகஸ்டு 31-ல் இத்தாலியில் பிறந்த அம்மையார், 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6-ல் அந்நகரின் சான் லோரென்ஸோ என்னும் ஏழைகள் வட்டாரத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். அங்கே பெஞ்சுகளில் சிறைப்பட்ட குழந்தை இல்லை. தரையில் வரைந்த கோட்டின்மீது தள்ளாடாமல் நடத்தல், நீரைச் சிந்தாமல் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல் ஆகியவையே பாடங்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவி, எழுத்தின் வடிவைக் கை முதலில் அறிந்தது. எழுதுதல் தானே பின்தொடர்ந்தது.

தானே நடந்து, தானே தெரிந்துகொள்ளும் பிள்ளை பிறர் ஏவலுக்கு எளிதில் பணிவதில்லை. முதலில் அம்மையாரை ஆதரித்த முசோலினி ஆட்சி, பின்னர் அவருடன் முரண்பட்டது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

1939-ல் பிரம்மஞான சபையார் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, ஆங்கில சர்க்கார் அவரைச் சத்துரு தேசத்தவராகக் கருதிக் கட்டுப்படுத்தியது. அவர் மைந்தர் மாரியோவையும் காவலில் வைத்தது. குழந்தைகளின் கைகால்களை விடுவித்தவருக்கே நடமாட்டத்தடை! எனினும் அவர் சோரவில்லை. கோடைக்கானலில் தங்கிய காலத்தும் குழந்தைகளை ஆராய்ந்தார். 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார்.

சுதந்திரம் பெற்ற நாட்டில் 1975 முதல் அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. அங்கே சோறும் பாட்டும் மட்டும் போதா. நடக்க வெற்றுத்தரை, ஊற்றச் சிறு செம்பு, தடவ எழுத்துக்கள், இவற்றோடு பொறுமையுள்ள ஆசிரியை வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பெரியோர் மனம் மாறினால் போதும். ஐந்து வயதுக்குள் அசையாதிருக்கப் பழக்கப்பட்ட பிள்ளையிடம், பிற்காலத்தில் எழுச்சியை எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்கள், அடுத்த முறை அங்கன்வாடி வாசலைக் கடக்கையில் உள்ளே நோக்கட்டும். குழந்தைகள் அசையாதிருந்தால், அங்கே இன்னும் விடுதலை வரவில்லை என்றே கொள்க.