பேர்லின் நகரத்துப் பெண் றபி

யூதரின் பெருநூலாகிய தல்மூத்திலே பெரூரியா என்றொரு பெண்மணி பேசப்படுகிறாள். சமயச் சட்டத்திலே ஆடவரோடு வாதிட்டு அவர்தம் பிழைகளைத் திருத்தியவள் அவள். வேதாகமங் கற்றோர், இஸ்ரவேலரை நியாயம் விசாரித்த தெபோராளையும் அறிவர். ஆயினும், சட்டமறிந்து வழிகாட்டும் குருவாகிய றபி என்னும் பட்டத்தைப் பெண்ணொருத்தி முறைப்படி பெறுதற்கு 1935ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பெற்றவர் ஜேர்மனியரான றெஜினா யோனாஸ் அம்மையார். அவரைத் தடுத்து நின்றது சட்டமா, வழக்கமா என்னும் வினாவே அவருடைய வரலாற்றிலே என்னை மிகவும் ஈர்ப்பது.

1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், பேர்லினில் ஏழை யூதர் செறிந்து வாழ்ந்த பகுதியொன்றிலே அவர் பிறந்தார். வணிகரான தந்தையார் 1913இல் இறந்தார். தாயும் ஒரு தமையனும் றெஜினாவுமாகிய குடும்பம் வறுமையோடு போராடியது. வைதிக நெறி நின்ற றபி மாக்ஸ் வைல் என்பவர் அச்சிறுமியின் ஆர்வத்தைக் கண்டு, சமய நூல்களைக் கற்பித்து ஊக்கினார்.

அக்காலத்து ஜேர்மன் யூதருள் இரு பெரும் பிரிவினர் இருந்தனர். வைதிகர் ஜெபாலயத்திலே பெண்களைத் தனியே இருத்தினர். பொதுவழிபாடு நடத்தற்கு வேண்டிய பதின்மருள் பெண்களை எண்ணுவதில்லை. தாராளப் பிரிவினரோ பழைய விதிகள் பலவற்றைத் தளர்த்தியவர்கள். பெண்ணுக்குக் குருத்துவம் அளிப்பதில் மட்டும் இவர்களும் அவர்களைப் போலவே தயங்கினார்கள். சட்டத்தையே தளர்த்தியவர்கள் வழக்கத்தை விட மனமில்லாதிருந்தது விந்தையன்றோ!

1924இல் அம்மையார் பேர்லினிலிருந்த யூத இயல் உயர்கல்விக் கலாசாலையிலே சேர்ந்தார். அங்கே பயின்ற ஏனைய பெண்கள் சமய ஆசிரியைகளாவதையே நோக்காகக் கொண்டிருந்தனர். இவர் றபியாக விரும்பினார். பெண் றபிப் பதவி வகிக்கலாமா என்னும் வினாவையே தமது இறுதி ஆய்வுக்குப் பொருளாக்கி, 1930இல் அதனை நிறைவு செய்தார்.

இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். சட்டம் பழையது, காலம் மாறிவிட்டது, ஆகவே பெண்ணுக்கு இடங்கொடுங்கள் என்று கேட்பது எளிய வழி. அவ்வழியில் அவர் செல்லவில்லை. வாழ்க்கை நெறியிலே அவர் பழமையைப் பேணியவர். வேதத்தையும் தல்மூத்தையும் பிற்காலச் சட்ட நூல்களையும் கொண்டே வாதிட்டு, தப்பெண்ணமும் பழக்கமின்மையும் அன்றி வேறு தடை ஏறக்குறைய யாதுமில்லை என்று முடித்தார். எதிராளி தன் ஆயுதமெனக் கருதிய நூல்களை அவனிடமிருந்தே வாங்கிக்கொண்ட இந்தத் துணிவை யான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் எடுவார்ட் பானெத் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் சிறிது காலத்தில் அவர் மறைந்தார். அவரிடத்துக்கு வந்தவர் பெண்ணுக்குப் பட்டமளிக்க இசையவில்லை. ஆசிரியைச் சான்றிதழே அம்மையாருக்குக் கிடைத்தது. அவர் கற்பித்துக்கொண்டே ஐந்தாண்டுகள் காத்திருந்தார். 1935 டிசெம்பர் 27ஆம் நாள், ஒஃபன்பாக் நகரத்துத் தாராளப் பிரிவு றபி மாக்ஸ் டீனெமன் அவரைப் பரீட்சித்துப் பட்டமளித்தார்.

அவரை அழைப்பதிலும் ஒரு சங்கடமிருந்தது. அக்கால ஜேர்மனியிலே கணவனின் பட்டம் மனைவிக்கும் சேர்வது வழக்கமாயிருந்தது. திருமதி றபி என்றால் றபியின் மனைவி என்றே பொருள்படும். மணமாகாத அவரைச் செல்வி றபி என அழைத்தார்கள்.

பட்டம் கிடைத்தபோது ஹிட்லரின் ஆட்சி மூன்றாண்டை எட்டிக்கொண்டிருந்தது. பேர்லின் யூத சமூகம் அவருக்கு மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆறுதற் பணியே தந்தது. ஆண் றபிகள் நாடு நீங்கியும் சிறைப்பட்டும் குறையவே, றபி இல்லாத ஊர்களுக்கும் சென்று பிரசங்கித்தார். வழக்கம் அடைத்த கதவைப் பேரிடர் திறந்தது. பின்னர் ஆலையொன்றிலே கட்டாய வேலையும் அவர்மேற் சுமத்தப்பட்டது.

1942 நவம்பரிலே தாயுடன் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே மனநோய் மருத்துவர் விக்டர் ஃபிராங்கிளின் குழுவிலே சேர்ந்து, புகையிரதத்தில் வந்திறங்கி நிலைகுலைந்து நின்றோரை எதிர்கொண்டு தேற்றினார். பசியும் நோயும் மலிந்த அவ்விடத்திலே சொற்பொழிவுகளும் ஆற்றினார். தம்மை ஒரே பெண் றபி எனக் குறித்து அவர் விட்டுச்சென்ற பட்டியலிலே 24 தலைப்புகள் உள்ளன. யூதப் பெண்களின் வரலாறும் அவற்றுள் இடம்பெறுகிறது. 1944 ஒக்டோபர் 12இல் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். வயது 42.

இதன்பின் நிகழ்ந்ததே என் நெஞ்சை உறுத்துவது. அவரை நன்கறிந்த சிலர் உயிர் பிழைத்தனர். அவரது பட்டத்தை 1942இல் கையொப்பமிட்டு உறுதிசெய்த பேரறிஞர் லியோ பெக் பிழைத்தார், ஃபிராங்கிளும் பிழைத்தார். இருவரும் எழுதினார்கள், பேசினார்கள். அவரைப் பற்றி உலகறிய ஒன்றும் உரைக்கவில்லை. துயரம் வாயடைத்தது என்பர் சிலர். அவ்விளக்கம் எனக்குப் போதவில்லை. 1972இல் அமெரிக்காவிலே சாலி பிறீசாண்ட் சீர்திருத்தப் பிரிவிலே பட்டம் பெற்றபோது, அவரே உலகின் முதற் பெண் றபி எனப் பலரும் எழுதினர்.

பேர்லின் மதில் வீழ்ந்தபின், 1991இல் கதரீனா ஃபொன் கெலன்பாக் என்னும் ஆய்வாளர், கிழக்கு ஜேர்மன் ஆவணக் காப்பகத்திலே அம்மையாரின் ஆய்வேட்டையும் சான்றிதழ்களையும் புகைப்படத்தையும் கண்டெடுத்தார். குருவுக்குரிய அங்கியணிந்து, கையிலே நூலேந்தி நிற்கிறார் யோனாஸ். ஃபிராங்கிளிடம் நேரிற் கேட்டபோதுதான் அவரும் நினைவுகூர்ந்தார்.

2014 யூலையிலே தெரேசியன்ஸ்டாட்டில் அவருக்கு நினைவுக்கல் பதித்தார்கள். பிறீசாண்ட் வந்திருந்தார், மறுகட்டமைப்புப் பிரிவிலே 1974இல் பட்டம் பெற்ற சாண்டி சாசோவும், மரபுபேணும் பிரிவிலே 1985இல் பெற்ற ஏமி ஐல்பேர்க்கும், வைதிகப் பிரிவிலே 2009இல் குருத்துவத்துக்கு ஏற்கப்பட்ட சாரா ஹேர்விற்சும் உடன் நின்றனர்.