பனிமலையில் பறந்த ஏழைக் குடியானவர்

சேவூர்ப் பக்கத்தில் பனி என்றால் மார்கழி மாதத்து விடியற்காலைப் பனிதான். வெயில் ஏறினால் அது போன இடம் தெரியாது.

ஆனால், உலகத்தின் வடகோடியில் நார்வே என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் மலை, காடு, வயல் எல்லாம் பனியால் மூடிக்கொள்ளும். வரப்பும் தெரியாது, வழியும் தெரியாது.

அந்தப் பனியில் மக்கள் எப்படி நடமாடுவார்கள்? நீண்ட மரக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிச் செல்வார்கள். அந்தச் சறுக்குக் கட்டைக்கு அவர்கள் மொழியில் 'ஸ்கீ' என்று பெயர்.

ஊருக்குப் போக உதவிய அந்தக் கட்டையை, உலகமே வேடிக்கை பார்க்கும் விளையாட்டாக மாற்றியவர்களில் முதன்மையானவர் ஓர் ஏழைக் குடியானவர். அவர் பெயர் சொன்ட்ரே நோர்ஹெய்ம்.

குடிசையில் பிறந்தார்

நார்வேயின் தென்பகுதியில் டெலிமார்க் என்ற மலை மாவட்டம் இருக்கிறது. அங்கே மோர்கெடால் என்பது ஒரு சிற்றூர். அந்த ஊருக்கு மேலே, மலை அடிவாரத்தில் இருந்த ஒரு சின்னக் குடிசையில், 1825-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி சொன்ட்ரே பிறந்தார்.

சொந்த நிலம் இல்லாத குடும்பம். பிறர் நிலத்தில் குடியிருந்து, அதற்கு ஈடாக உழைக்க வேண்டும். நம் நாட்டில் பண்ணையை நம்பி வாழ்ந்தவர்களின் நிலைமைதான் அவர்களுக்கும்.

பையனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஏது பணம்? ஆனால் மரம் இருந்தது, மலை இருந்தது, பனி இருந்தது. அவை போதுமே! சொன்ட்ரே கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு சரிவுகளில் பாய்ந்தான். மேட்டைக் கண்டால் தாவினான். வீட்டுக் கூரை மேலிருந்தே சறுக்கிக் குதித்தான் என்றுகூட ஒரு கதை வழங்குகிறது.

வளர்ந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. 1854-ல் ரன்னெய் என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பிறந்தன. குத்தகைக்கு இருந்த நோர்ஹெய்ம் என்ற பண்ணையின் பெயரே அவருக்கும் பெயராக நிலைத்தது.

குதிகாலுக்கு ஒரு கட்டு

அந்தக் காலத்துச் சறுக்குக் கட்டையில் ஒரு குறை இருந்தது. கால் விரல் பக்கம் மட்டும்தான் வார் இருக்கும். குதிகாலைப் பிடிக்க ஒன்றும் இல்லை. வேகமாகத் திரும்பினால் கட்டை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்! உயரத் தாவினாலோ கட்டை கழன்று ஓடிவிடும். அதனால் பலரும் ஒரு நீண்ட கம்பை ஊன்றி, வேகத்தை அடக்கி அடக்கித்தான் இறங்குவார்கள்.

சொன்ட்ரே யோசித்தார். மரத்தின் வளையும் விளாரை எடுத்து, கயிறு திரிப்பது போல் முறுக்கினார். அதைக் குதிகாலைச் சுற்றி வளைத்துக் கட்டினார். கட்டை காலோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் குதிகாலைத் தூக்கவும் முடிந்தது. இனிமேல் தாவலாம்; திரும்பலாம்; கட்டை கழலாது.

அதோடு நிற்கவில்லை. கட்டையின் உருவத்தையே மாற்றினார். நீளத்தைக் குறைத்தார். முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். உடுக்கையின் இடுப்பு ஒடுங்கியிருப்பது போல, கட்டைக்கும் இலேசாக இடுப்பு வைத்தார். இப்படிச் செய்த கட்டை, சாய்த்தால் தானாகவே வளைந்து திரும்பியது.

திரும்புவதற்கும் ஒரு புது முறை பிறந்தது. ஒரு காலை முன்னே நீட்டி, மற்றக் காலைப் பின்னே மடக்கி, மண்டியிடுவது போல் தாழ்ந்து, அழகாக வளைந்து திரும்புவார். வில் ஏந்திய வீரன் ஒரு காலை மடித்து நிற்பது போல் இருக்கும். அதற்குத்தான் பின்னாளில் 'டெலிமார்க் திருப்பம்' என்று பெயர் வந்தது.

தலைநகரில் வெற்றி

1868-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். நார்வேயின் தலைநகரில் பெரிய சறுக்குப் பந்தயம் ஒன்று நடந்தது. இன்று ஆஸ்லோ எனப்படும் அந்த நகரத்துக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர்.

பந்தயத்தில் கலந்துகொள்ள சொன்ட்ரே புறப்பட்டார். மோர்கெடாலிலிருந்து தலைநகர் சுமார் 200 கிலோமீட்டர். வண்டிக்குக் கொடுக்கக் காசு இல்லை. சறுக்குக் கட்டையிலேயே மூன்று நாள் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 42. எதிரே நின்றவர்களில் பலர் இளைஞர்கள். மலையூர்க் குடியானவரை நகரத்து மக்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள்.

பந்தயம் தொடங்கியது. மற்றவர்கள் கம்பை ஊன்றி இறங்கினார்கள். சொன்ட்ரேயோ கம்பை நம்பவில்லை. சரிவில் பாய்ந்தார், மேட்டில் எழும்பிப் பறந்தார், கீழே விழாமல் இறங்கினார், ஒரே வளைவில் திரும்பி நின்றார். கூட்டம் மூக்கில் விரலை வைத்தது. முதல் பரிசு அவருக்கே!

அதற்குப் பிறகு டெலிமார்க் முறையைக் கற்றுக்கொள்ள நகரத்துக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அதே மோர்கெடாலைச் சேர்ந்த மிக்கேல், டோர்யஸ் ஹெம்மெஸ்ட்வெய்ட் என்ற சகோதரர்கள் 1881-ல் தலைநகரில் சறுக்குப் பள்ளி நடத்தினார்கள். 'ஸ்லாலோம்' என்று இன்று உலகமே சொல்லும் சொல்லும் நார்வே மொழியிலிருந்து வந்ததுதான். சரிவு, தடம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது.

புகழ் இருந்தது, பொருள் இல்லை

வென்றவர் வீட்டில் வறுமை போகவில்லை. கைதட்டலைக் கொண்டு உலை வைக்க முடியுமா? குத்தகை நிலம் குடும்பத்துக்குப் போதவில்லை.

அந்தக் காலத்தில் நார்வேயிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுமார் 100 ஆண்டுகளில் 8 லட்சம் பேருக்கு மேல் இப்படிப் போனார்கள். 1862-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, குடியேறிப் பயிர் செய்கிறவருக்கு அமெரிக்க அரசு 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு, சொந்த நிலம் என்ற சொல்லே சர்க்கரையாக இனித்தது.

1884-ல் சொன்ட்ரேயும் மனைவி மக்களோடு கப்பல் ஏறினார். 60-ஐ நெருங்கிய வயதில் பிறந்த மண்ணை விட்டார்.

முதலில் மினசோட்டா மாநிலத்தில் தங்கினார். பிறகு வடக்கு டக்கோட்டாவுக்குச் சென்றார். அங்கே பனிக்குக் குறைவில்லை. ஆனால் மலை எங்கே? கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி! மலைச் சரிவில் பறந்த மனிதருக்குச் சறுக்க ஒரு நல்ல மேடுகூட அங்கே அரிது.

ஆனாலும், குளிர்காலத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி சறுக்குக் கட்டை சாய்ந்து நிற்குமாம். முதுமையில் அவர் மனம் தெய்வ பக்தியில் திரும்பியது. அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கோயில் கட்டவும் உதவினார்.

1897-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி சொன்ட்ரே காலமானார். டென்பி என்ற ஊருக்கு அருகே அடக்கம் செய்தார்கள். கல்லறையின் மேல் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

அணையாத அடுப்பு

அவர் மறைந்தார், அவர் கலை மறையவில்லை. 1911-ல் ஆமுண்ட்சென் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்தார் அல்லவா? அவரோடு சென்ற நால்வரில் ஒருவரான ஓலாவ் பியாலாந்து மோர்கெடால்காரர்தான்.

1952-ல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் ஆஸ்லோ நகரில் நடந்தது. அதற்குரிய தீபத்தை எங்கே ஏற்றினார்கள் தெரியுமா? சொன்ட்ரே பிறந்த அந்தக் குடிசையின் அடுப்பில்! 94 பேர் சறுக்குக் கட்டைகளில் மாறி மாறி அந்தத் தீபத்தை ஆஸ்லோவுக்கு எடுத்துச் சென்றார்கள். 84 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏழை, காசு இல்லாமல் போன அதே தலைநகருக்கு, அவர் வீட்டு நெருப்பு ராஜ மரியாதையோடு போயிற்று.

1960-ல் அமெரிக்காவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கும் அந்த அடுப்பிலிருந்தே தீபம் சென்றது.

அதன் பிறகு, 1966-ல், வடக்கு டக்கோட்டாவில் அவர் கல்லறையில் நினைவுக் கல் நாட்டினார்கள். அவர் இறந்து 69 ஆண்டுகள் கழித்து!

இடையில் மங்கிப்போன டெலிமார்க் முறை 1970-களில் மீண்டும் உயிர் பெற்றது. இன்று அதற்கென்றே உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடக்கின்றன. பறந்து இறங்கும் வீரர்கள் ஒரு காலை முன்வைத்து மண்டி மடக்கினால்தான் முழு மதிப்பெண். காஷ்மீரத்துக் குல்மார்கில் நம்மவர்கள் காலில் கட்டும் கட்டைக்கும் இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கிறது.

சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாமல் பிறந்தவர் சொன்ட்ரே. இன்று பனி பெய்யும் மலைகளில் எல்லாம் அவர் போட்ட தடம் இருக்கிறது.