வீடு திரும்பாத கப்பித்தான்



போளூரிலிருந்து மலைப்பாதை ஏறி ஜமுனாமரத்தூர் வரும் பேருந்துகளில், திருவிழா நாள்களில் மட்டும் சில புது முகங்களைக் காண்கிறோம். உண்மையில் அவர்கள் புதியவர்கள் அல்லர். பிழைப்புக்காகவும் பணிக்காகவும் வெளியூர் சென்ற நம் பிள்ளைகளே. வர இயலாதவர்களின் வீட்டில் அன்று ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துக் கண் கலங்கும் பெற்றோரை நாம் அறிவோம்.

வீட்டைப் பிரிந்து வாழ்வோரை நினைக்கும்போது, போருக்காகக் கப்பலேறி வந்து, ஊர் திரும்பாமலே தமிழ் மண்ணில் அடக்கமான ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். டச்சுக் கடற்படைத் தளபதி என்று நம் திருச்சபை நூல்கள் குறிப்பிடும் டிலனாய்தான் அவர். ஐரோப்பாவில் 1715-இல் பிறந்த கத்தோலிக்கர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து கடல் கடந்தார். மிளகு வணிகத்திற்காகத் திருவிதாங்கூரோடு அந்தக் கம்பெனி போரிட்டது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை வென்றது. டிலனாய் கைதியானார்.

கப்பல் இல்லை, படை இல்லை, சொந்தம் என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அந்த நிலையில் ஒருவர் மனம் கசந்து போயிருக்கலாம். ஆனால் மன்னர் அவருடைய திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார். டிலனாய் அதை ஏற்று, வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி அளித்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்கு டிலனாய் கோட்டை என்றே மற்றொரு பெயர் உண்டு.

அங்கேதான் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் நட்டாலத்தைச் சேர்ந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை. வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் வாடியிருந்தார். டிலனாய் அவருக்கு விவிலியத்தின் யோபுவைப் பற்றி எடுத்துச் சொன்னார் என்பது நம் மரபு. எல்லாவற்றையும் இழந்தவரின் கதையை, ஊரையும் உறவையும் பிரிந்திருந்த ஒருவர் சொன்னதால்தானோ என்னவோ, அது நண்பரின் உள்ளத்தில் ஆழமாய் இறங்கியது. டிலனாய் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நீலகண்டர் வடக்கன்குளம் சென்றார். 1745 மே 14 அன்று இயேசு சபை அருள்பணியாளர் புத்தாரி கையால் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார்.

அதன்பின் நடந்தது நமக்குத் தெரியும். 1749-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். கொடிய துன்பங்களுக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிலனாய் மன்னரின் படையில் உயர்ந்த இடத்தில் இருந்தவர். ஆனாலும் அந்த நட்பு தேவசகாயத்தைச் சாவிலிருந்து காக்கவில்லை. நண்பரைக் கொன்ற அதே அரசில் டிலனாய் தொடர்ந்து பணி செய்தார். இது நமக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. அவரைத் தீர்ப்பிடுவதும் எளிது. ஆனால் அன்பு செய்தவருக்காக ஒன்றும் செய்ய முடியாமல் கைகட்டி நின்ற வேதனை நம்மில் பலருக்கும் புதிதல்ல.

துயரம் அதோடு நிற்கவில்லை. தந்தையைப் போலவே படையில் சேர்ந்த மகன் யோவான், 1765-இல் களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே உயிரிழந்தார். 1777 ஜூன் 1 அன்று டிலனாய் கண் மூடினார். கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மனைவியும் மகனும் அங்கேயே துயில்கின்றனர். அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நியராய் வந்தவரை இந்த மண் தன் மொழியிலேயே நினைவுகூர்கிறது.

அவருடைய நண்பர் தேவசகாயத்தை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். தோற்றுப்போன ஒரு கைதி, தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த விசுவாசத்தை ஒரு நண்பரோடு பகிர்ந்துகொண்டார். அதன் கனியை அவர் கண்ணால் காணவில்லை, நாம் காண்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுத்தனுப்புவது என்ன? பணமும் துணிமணியும் மட்டுமா, செபமும் சேர்த்தா? நம் ஊருக்குப் பிழைப்புத் தேடி வரும் அந்நியரிடம் நாம் ஒரு வார்த்தையாவது அன்பாகப் பேசுகிறோமா? இன்று இரவு குடும்பச் செபத்தில், தொலைவில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி நினைப்போம். முடிந்தால் செபத்திற்கு முன்பே அவர்களை அழைத்துப் பேசுவோம்.

புனித தேவசகாயமே, வீட்டைப் பிரிந்து வாழும் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.